போனது போச்சு: இருபத்தைந்து விநாடியின் அறிவியல்

வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர் கைதட்டலாம்; ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது. பெரும்பாலான அமெரிக்க ஜூனியர் டென்னிஸ் போட்டிகளில் இது எழுதப்பட்ட விதி. எங்கே அடிக்க வேண்டும் என்று பிள்ளைக்குக் கையால் சைகை காட்டினாலும் தவறுதான். நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில், ஓல்ட் டிரென்டன் சாலையை ஒட்டி 2,500 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் மெர்சர் கவுன்டி பூங்காவுக்கு ஒரு வார இறுதியில் போனால் இந்த மௌனத்தைப் பார்க்கலாம். மாநில உயர்நிலைப் பள்ளி டென்னிஸ் போட்டிகள் பல ஆண்டுகள் நடந்த இடம் அது. கம்பி வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளில் தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் சீனமும் தெரிந்த அப்பா அம்மாக்கள். உள்ளே, பெரும்பாலான கோர்ட்டுகளில் நடுவர் கிடையாது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே போனதா என்பதை அந்தப் பக்கத்தில் ஆடும் பிள்ளையேதான் சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் எதிராளிக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே நேரத்தில் ஆட்டக்காரர், நடுவர், தனக்குத் தானே பயிற்சியாளர். இத்தனை சின்ன வயதில் இவ்வளவு தனியாக நிற்கச் சொல்லும் விளையாட்டு வேறு அதிகம் இல்லை.

ஒரு சிறுமி ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் செட் 6-3. இரண்டாவது செட்டில் 2-6 என்று தோற்றுவிட்டாள். மூன்றாவது செட்டில் நான்குக்கு நான்கு. இப்போது ஒரு டபுள் ஃபால்ட்: இரண்டு சர்வீஸும் தவறு. பந்து வலையில் மோதி உருண்டு போகிறது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, எதிராளியையும் பார்க்கவில்லை. தலை மெல்லத் திரும்பி வேலியைப் பார்க்கிறது. அங்கே நிற்கும் அம்மா உதட்டுக்குள் சொல்லிக்கொள்வது, நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த இரண்டே சொல்தான்: போனது போச்சு.

அந்த இரண்டு சொல்லை ஆறுதல் வார்த்தை என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். டென்னிஸை ஆராய்ந்த புள்ளியியலாளர்கள் கண்டறிந்ததைப் படித்த பிறகு எனக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை. ஆட்டத்தை வெல்லும் திறமைக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை என்றே தோன்றுகிறது.

முதலில் டென்னிஸின் கணக்கைப் பார்ப்போம். 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசிய ரோஜர் ஃபெடரர் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். தம் வாழ்நாளில் 1,526 ஒற்றையர் ஆட்டங்கள் ஆடி ஏறத்தாழ 80 விழுக்காடு வென்றிருக்கிறார். அப்படியானால் ஆடிய புள்ளிகளில் எத்தனை விழுக்காடு வென்றிருப்பார்? விடை 54. அதாவது உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், ஏறத்தாழ இரண்டு புள்ளிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் வாழ்நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறார்.

54 எப்படி 80 ஆகிறது? காகிதமும் பேனாவும் இருந்தால் போட்டுப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் வாய்ப்பு 54 விழுக்காடு என்று வையுங்கள். ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடாக உயர்கிறது. ஒரு செட்டுக்கு அது சுமார் 76. மூன்று செட் ஆட்டத்துக்கு 86, ஐந்து செட் ஆட்டத்துக்கு 91. டென்னிஸின் புள்ளி முறை ஒரு பூதக்கண்ணாடி. நூற்றுக்கு நான்கு என்ற சின்ன மேன்மையை எடுத்துப் பெரும் வெற்றியாக்கிக் காட்டுகிறது. இதன் மறுபக்கம்தான் நம் சிறுமிக்கு முக்கியம். பூதக்கண்ணாடி சரிவையும் அப்படியே பெருக்கும். ஒரு தவறை நினைத்து மனம் குலைந்து, அடுத்தடுத்த புள்ளிகளில் அவள் வாய்ப்பு 54-லிருந்து 49-க்கு இறங்கினால் போதும், கண்ணுக்குத் தெரியாத அந்த ஐந்து விழுக்காட்டில் கையிலிருந்த ஆட்டம் எதிராளியின் கைக்குப் போய்விடும்.

இந்த முறையில் இன்னொரு விந்தையும் உண்டு. எல்லாப் புள்ளிக்கும் ஒரே எடை இல்லை. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளிகள் வென்றார், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போயிற்று. ஐந்தாவது செட்டில் ஃபெடரரின் கையில் வெற்றிக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன, இரண்டும் நழுவின. 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் 22 வயது கார்லோஸ் அல்கராஸ் முதல் இரண்டு செட்டையும் இழந்திருந்தார். நான்காவது செட்டில் 3-5, தம் சர்வீஸில் 0-40. எதிராளி சின்னருக்குக் கோப்பை இன்னும் ஒரே ஒரு புள்ளி தூரத்தில், அதுவும் மூன்று வாய்ப்புகளோடு. மூன்றையும் அல்கராஸ் காப்பாற்றினார். ஐந்து மணி 29 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தில் சின்னர் 193 புள்ளிகள், அல்கராஸ் 192. வென்றவர் ஒரு புள்ளி குறைவாக எடுத்தவர்.

0-40 என்று நிற்கும்போது ஒருவர் மனத்துக்குள் என்ன நடக்கிறது? நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ராங்க் கிளாசென், யான் மாக்னுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எண்களில் தேடினார்கள். 1992 முதல் 1995 வரை விம்பிள்டனில் ஆடப்பட்ட ஏறத்தாழ 90,000 புள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு புள்ளியின் முடிவு அதற்கு முந்தைய புள்ளியைப் பொறுத்து மாறுகிறதா? நாணயத்தைச் சுண்டும்போது போன முறை தலை விழுந்ததா பூ விழுந்ததா என்பது நாணயத்துக்குத் தெரியாது. டென்னிஸ் ஆடுகிறவர் நாணயம் மாதிரி இருக்கிறாரா?

2001-இல் வெளிவந்த விடை: இல்லை. முந்தைய புள்ளியை வென்றவர் அடுத்ததையும் வெல்லும் வாய்ப்பு சற்றே கூடுகிறது. முக்கியமான புள்ளிகளில் சர்வீஸ் செய்பவரின் கை சற்றே தளர்கிறது. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் இருக்கிறது. அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது அடுத்த வரிதான். ஆட்டக்காரர் எவ்வளவு வலிமையானவரோ அவ்வளவுக்கு இந்தப் பாதிப்பு குறைகிறது. தரவரிசையில் மேலே போகப் போக, போன புள்ளி வந்த புள்ளியைத் தொடுவதில்லை. கீழே இறங்க இறங்க, போன புள்ளி கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. போனது போச்சு என்பதை உண்மையிலேயே கடைப்பிடிக்கிறவர் உச்சியில் இருக்கிறார் என்று 90,000 புள்ளிகள் சொல்கின்றன.

மனத்திடம் என்றதும் நமக்குப் பல்லைக் கடிக்கும் முகமும் இறுக்கிய முட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளிடமும் அதைத்தான் கேட்கிறோம்: விடாதே, போராடு, வெறியோடு ஆடு. எண்கள் காட்டும் மனத்திடம் வேறு. அது ஒரு வகை மறதி. அதிலும் தெரிந்து செய்யும் மறதி.

அந்த மறதி ஏன் அவ்வளவு கடினம் என்பதற்கு உடலுக்குள் போக வேண்டும். டபுள் ஃபால்ட் விழுந்த அந்தக் கணத்தில் சிறுமியின் மூளை அதை ஓர் ஆபத்தாகவே படிக்கிறது. அமிக்டலா என்ற சிறு பகுதி எச்சரிக்கை மணி அடிக்க, அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோளும் முன்கையும் இறுகுகின்றன. புலி துரத்தினால் இதெல்லாம் உயிர் காக்கும். இரண்டாவது சர்வீஸுக்கு இது விரோதி. பந்தை மேலே போடும் விரல்கள் தளர்வாக இருந்தால்தான் பந்து ஒரே இடத்துக்குப் போகும். மணிக்கட்டு சாட்டை போல வளைந்தால்தான் பந்து சுழலும். இறுகிய கை பந்தைத் தள்ளத்தான் முடியும். அதே நேரத்தில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதி, அதாவது யோசித்து முடிவெடுக்கும் பகுதி, இந்த வேதிப்பெருக்கில் மங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியது இதுதான்: நம் கட்டுப்பாட்டில் இல்லாத மன அழுத்தம், லேசானதாக இருந்தாலும், அந்தப் பகுதியின் வேலையைச் சட்டென்று குறைத்துவிடும். பதின்வயதில் இந்தப் பகுதி இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். "இவ்வளவு சொல்லியும் அதே தப்பைப் பண்றாளே" என்று வேலிக்கு வெளியே நாம் நொந்துகொள்ளும்போது, கட்டி முடிக்காத வீட்டில் ஏன் மழை ஒழுகுகிறது என்று கேட்கிறோம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. வாசலில் கோலம் போடும் பாட்டியைப் பாருங்கள். மாவு விரலிடுக்கில் ஒழுகியபடி இழை பிசகாமல் போகும். அருகில் உட்கார்ந்து "பாட்டி, இந்த வளைவில் மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் யோசிக்க ஆரம்பித்ததும் இழை நடுங்கும். உடம்புக்குப் பழகிய வேலையை மனம் மறுபடி தன் கையில் எடுத்துக்கொண்டால் வரும் கேடு இது. ரிச் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1992-இல் இதைச் சோதித்தார். கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ள இரண்டு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு குழுவுக்கு விதிகளெல்லாம் விளக்கமாகச் சொல்லப்பட்டன. இன்னொரு குழு, வாயால் எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டே, விதி எதுவும் தெரியாமல் பழகியது. பிறகு இரு குழுக்களையும் நெருக்கடிக்குள் வைத்தார். விதி தெரியாமல் பழகியவர்களின் ஆட்டம் நெருக்கடியிலும் முன்னேறிக்கொண்டே போயிற்று. விதி தெரிந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நெருக்கடியில் மனம் தனக்குத் தெரிந்த விதிகளைத் தேடிப் போகிறது. தெரிந்தது அதிகமானால் தேடலும் அதிகம். நான்குக்கு நான்கில் நிற்கும் பிள்ளைக்கு, போன வாரப் பாடத்தில் கேட்ட முழங்கையும் தோளும் பாதமும் ஒன்றாக நினைவுக்கு வந்தால் அவள் கதி அதுதான்.

சரி, தெரிந்தே மறப்பது எப்படி? அதற்கு இந்த விளையாட்டே இடம் விட்டு வைத்திருக்கிறது. இரண்டு மணி நேர ஆட்டம் என்றால் பந்து உண்மையில் பறந்துகொண்டிருக்கும் நேரம் அதில் சிறு பங்குதான். புல்தரையில் இன்னும் குறைவு, களிமண் தரையில் சற்று அதிகம். மற்ற நேரமெல்லாம் நடப்பதும் பந்தை எடுப்பதும் துண்டால் முகம் துடைப்பதும்தான். ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வீஸுக்கு விதி தரும் நேரம் 25 விநாடி. பக்கம் மாறும்போது 90 விநாடி. செட் முடிந்தால் இரண்டு நிமிடம்.

அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் ஜிம் லோயர் இந்த இடைவெளிகளைத்தான் ஆராய்ந்தார். முன்னணி ஆட்டக்காரர்களையும் மற்றவர்களையும் படம்பிடித்துப் பார்த்தபோது, புள்ளி ஆடும் நேரத்தில் இருவருக்கும் தாம் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருந்தது. முன்னணியில் இருப்பவர்கள் ஏறத்தாழ 16 முதல் 20 விநாடிக்குள் ஒரே ஒழுங்கில் சில காரியங்களைச் செய்கிறார்கள். முதலில் உடம்பு: தோற்ற புள்ளியாக இருந்தாலும் மட்டையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, தோள் தொங்காமல், நிமிர்ந்து திரும்பி நடப்பது. அடுத்து தளர்வு: ஒன்றிரண்டு நீண்ட மூச்சு, கண் மட்டையின் நரம்புகளில். பிறகு திட்டம்: அடுத்த பந்து எங்கே என்ற ஒரே ஒரு முடிவு. கடைசியில் சடங்கு: இத்தனை முறை பந்தைத் தரையில் தட்டுவது என்று மாறாத ஒரு பழக்கம். ரஃபேல் நடால் தண்ணீர்ப் பாட்டில்களை ஒரே திசையில் அடுக்கி வைத்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பூசைக்கு முன் தீபத்தையும் மணியையும் அதனதன் இடத்தில் வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் பயன் விளங்கும். கை ஒரு பழகிய காரியத்தில் இறங்கினால் மனம் அதன் பின்னால் வந்து நிற்கிறது.

இதில் மூச்சுதான் நேரடியாக உடலுக்குள் நுழையும் வழி. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடித் துடிப்பு தணிகிறது. வெளிமூச்சை நீட்டினால் தணியும் நேரமும் நீள்கிறது. இதயத்தை நேரடியாக யாரும் அதட்டி அடக்க முடியாது. மூச்சு வழியாக அதற்குச் செய்தி அனுப்பலாம். அட்ரினலின் முழுதும் வடிய 25 விநாடி போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதற்றம் போய்விடாது. ஆனால் அதற்கு வைக்கும் பெயரை மாற்றலாம். ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன்னால் பாடவும் மேடையில் பேசவும் கணக்குப் போடவும் பயந்தவர்களில் ஒரு பகுதியினரை "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரை "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லச் சொன்னார்கள். இரண்டாமவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் நெஞ்சுக்கு அமைதி என்று பெயர் வைத்தால் நெஞ்சே நம்பாது. உற்சாகம் என்றால் நம்பும், ஏனென்றால் உற்சாகத்துக்கும் நெஞ்சு அப்படித்தான் படபடக்கும்.

இங்கே நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. 1966 டிசம்பர், கல்கத்தா. டேவிஸ் கோப்பை மண்டலங்களுக்கிடையிலான இறுதியில் இந்தியாவும் பிரேசிலும் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டத்தில் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், எதிரே தாமஸ் காக். மூன்றாவது செட்டை 10-12 என்று இழந்து, இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் பின்தங்கி, நான்காவது செட்டில் 2-5. டேவிஸ் கோப்பைக்கு டை பிரேக்கர் வராத காலம். அங்கிருந்து ஐந்து கேம்களை அடுத்தடுத்து எடுத்து 7-5; கடைசி செட் 6-2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சவால் சுற்றுக்குப் போனது அந்த ஆட்டத்தால்தான். கிருஷ்ணன் மின்னல் சர்வீஸுக்குப் பேர் போனவர் அல்லர். மென்மையான தொடுதலும் பந்தை வைக்கும் இடமும்தான் அவர் ஆயுதங்கள். அப்படிப்பட்ட ஆட்டம் இறுகிய கையால் வராது. 2-5 என்ற நிலையில் அவர் கை தளர்வாகவே இருந்திருக்கிறது என்பதற்கு அந்த ஸ்கோரே சாட்சி. 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரும் அவர்தான். 25 ஆண்டு கழித்து அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் அதே பட்டத்தை வென்றார்.

அதே பட்டம் 2021-இல் நியூ ஜெர்சிக்கு வந்தது. வெஸ்ட் வின்ட்சரிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கும் பாஸ்கிங் ரிட்ஜைச் சேர்ந்த சமீர் பானர்ஜி, இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், அப்போது 17 வயது. சில வாரங்களுக்கு முன் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியரில் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தார். விம்பிள்டனில் தரநிலை பெறாதவராக நுழைந்தார். அரையிறுதியில் முதல் செட்டை டை பிரேக்கரில் வென்று, இரண்டாவதை இழந்து, மூன்றாவதை எடுத்தார். இறுதியில் இன்னோர் அமெரிக்கரான விக்டர் லிலோவை 7-5, 6-3 என்று வென்றார். பாரிஸின் முதல் சுற்றுத் தோல்வியை விம்பிள்டன் வரை தூக்கி வந்திருந்தால் இது நடந்திருக்காது. நம் கோயம்புத்தூர் மாயா ராஜேஷ்வரன் 2025 பிப்ரவரியில் மும்பை ஓப்பனில் தகுதிச் சுற்றில் தொடங்கி, தம்மைவிடப் பல வயது மூத்தவர்களை வென்று அரையிறுதி வரை போனபோது வயது 15. காலிறுதி மூன்று செட். முதல் செட்டை வென்ற பிறகு இரண்டாவதை இழப்பது, இரண்டையும் வெல்வதைவிடவும் முதலிலேயே தோற்பதைவிடவும் மனத்துக்குச் சிரமமானது. கையில் இருந்தது போன கணக்கு அது. அங்கிருந்து மீண்டுதான் அவர் வென்றார்.

மீளும் திறன் பிறவியிலேயே வருவதா? இந்தக் கேள்விக்கு எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் விடை டென்னிஸ் கோர்ட்டில் கிடைக்கவில்லை, ஆய்வகத்தில் கிடைத்தது. 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தம்மால் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சிகளுக்கு உள்ளான நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தும் தப்பிக்க முயலாமல் படுத்துவிட்டன. கையறு நிலையை அவை கற்றுக்கொண்டன என்று இருவரும் முடிவு கட்டினார்கள். உளவியல் பாடப்புத்தகங்களெல்லாம் அதை அச்சடித்தன. ஐம்பது ஆண்டு கழித்து, 2016-இல், அதே இருவர் தங்கள் முடிவு தலைகீழ் என்று எழுதினார்கள். மூளையைப் பார்க்கும் கருவிகள் இடையில் வந்திருந்தன. எலிகளின் மூளையை ஆராய்ந்த மேயர் கண்டது இது: நீண்ட துன்பத்துக்குச் சோர்ந்து படுப்பதுதான் மூளையின் இயல்பான பதில். அதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது மற்றொன்று, "இது என் கையில் இருக்கிறது" என்பது. ஒரு சக்கரத்தைத் திருப்பினால் அதிர்ச்சி நிற்கும் என்று கண்டுகொண்ட எலியின் முன்மூளை, மூளைத்தண்டிலுள்ள எச்சரிக்கை மையத்தை அடக்குகிறது. ஒரு முறை அப்படிக் கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பின்னாளில் தன் கையில் எதுவுமில்லாத துன்பத்தைச் சந்தித்தாலும் படுத்துவிடுவதில்லை. தடுப்பூசி போட்டது மாதிரி.

ஐம்பது ஆண்டு நிலைத்துவிட்ட தம் சொந்தக் கருத்தைத் தாமே திருத்திய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அதிலிருந்து பெற்றோருக்கு வரும் செய்தியை அதைவிட மதிக்கிறேன். துன்பம் பிள்ளையை உறுதியாக்குவதில்லை. துன்பத்தின் நடுவே தன் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டுகொள்வதுதான் உறுதியாக்குகிறது. எதிராளியின் சர்வீஸ் சிறுமியின் கையில் இல்லை. காற்று இல்லை, ஸ்கோர் இல்லை. 25 விநாடியும் மூச்சும் அடுத்த பந்தை எங்கே போடுவது என்பதும் அவள் கையில் இருக்கின்றன. ஜூனியர் ஆட்டத்தில் பெற்றோர் வாய் திறக்கக் கூடாது என்ற விதி நேர்மைக்காக வந்ததுதான். ஆனால் அறியாமலேயே அது அந்தச் சக்கரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறது. வேலியிலிருந்து நாம் காட்டும் ஒவ்வொரு சைகையும் அதைப் பிடுங்கிக்கொள்கிறது.

பிள்ளைகள் மேல் விழும் அழுத்தம் பற்றிய பேச்சு வெஸ்ட் வின்ட்சருக்குப் புதிதல்ல. 2015 அக்டோபரில் வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். மதிப்பெண் ஓட்டம் பிள்ளைகளின் மனநலத்தைக் குலைக்கிறது என்பது அதன் சாரம். வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. உயர்நிலைப் பள்ளியில் இடைப்பருவ, இறுதித் தேர்வுகள் நீக்கப்பட்டன. ஊர் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. குடியேறிய குடும்பங்களில் பலர், பிள்ளைகளின் தரத்தைக் குறைக்கிறார்கள் என்று வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரியும். படிப்பு ஒன்றையே ஏணியாகப் பிடித்துக் கடல் தாண்டி வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அறிவியல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். வேலையின் கடுமையைவிட, அந்த வேலையில் பிள்ளைக்கு எவ்வளவு பிடிமானம் இருக்கிறது என்பதே அவனை வளைக்கவோ உடைக்கவோ செய்கிறது. பள்ளியில் முதலிடம், விவாதப் போட்டி, வயலின், அதற்கு மேல் டென்னிஸ் தரவரிசை எண் என்று எல்லாச் சக்கரத்தையும் வேறு யாரோ சுழற்றினால், கோர்ட்டில் நான்குக்கு நான்கு வரும்போது சுழற்றப் பிள்ளைக்குக் கை பழகியிருக்காது.

பழகுவதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. பயிற்சியில் புள்ளி ஆடும்போதே 25 விநாடியையும் ஆடச் சொல்லுங்கள்: திரும்பி நடப்பது, மூச்சு, ஒரே ஒரு முடிவு, பந்தைத் தட்டுவது. வென்ற புள்ளிக்கும் அதே ஒழுங்கு. மனம் குலையும்போது மட்டும் எடுக்கும் ஆயுதம் கைக்குப் பழகாது. பந்து வெளியே போனதற்குக் காரணம் கேட்காமல், அடுத்ததற்கு என்ன முடிவெடுத்தாள் என்று மட்டும் கேளுங்கள். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு கார் கதவு சாத்தியதும் ஆட்டத்தை அலசத் தொடங்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் பிள்ளையே பேசும்.

அடுத்த சனிக்கிழமை மெர்சர் பூங்காவுக்கு நாற்காலியோடு போகும் அப்பா அம்மாக்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டபுள் ஃபால்ட் போட்ட பிள்ளை உங்கள் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் ஸ்கோர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.